போன் விளையாட்டுக்கும் மைதானத்துச் சட்டம்தான்

வாப்பாமார், உம்மாமார் கவனத்திற்கு...

பிள்ளை எத்தனை மணித்தியாலம் ஃப்ரீ ஃபயர் விளையாடுது என்று கணக்குப் பார்க்கிறோம். என்ன பேசி விளையாடுது என்றும் கொஞ்சம் கேட்போம்.

ஒரு மெட்ச்சில் 50 பேர் இறங்குவார்கள். நாலு பேர் ஓர் அணி. தனியாகச் சேரும் பிள்ளைக்கு மற்ற மூவரும் முன்பின் தெரியாதவர்கள். ஒருவன் அடிபட்டு விழுந்தால், ஓடிப்போய்த் தூக்கிவிடும் பிள்ளையும் இருக்கிறது; மைக்கில் தூஷணத்தால் ஏசும் பிள்ளையும் இருக்கிறது. தோற்றால் உம்மாவையும் இனத்தையும் இழுப்பதும் நடக்கிறது.

மைதானத்தில் கிரிக்கட் விளையாடும்போது இப்படி ஏசினால் நாம் விடுவோமா? தோற்றாலும் கைகொடுத்துவிட்டு வா என்றுதானே சொல்வோம்!

தூக்கிவிட்ட பிள்ளைக்குத்தான் அடுத்த மெட்ச்சுக்கும் அழைப்பு வரும். அப்படித்தான் கூட்டாளிமார் சேருகிறார்கள். முஸ்லிம் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் படிக்கும் நம் பிள்ளைக்கு ஒரு சிங்களக் கூட்டாளி கிடைக்கும் இடங்கள் குறைவு. கிடைக்கும் இடத்தையும் ஏச்சால் கெடுக்க வேண்டாம்.

கூட்டாளி என்றாலும் எல்லை வேண்டும். வீட்டு விலாசம், பாடசாலைப் பெயர், படம், பாஸ்வேர்ட் யாருக்கும் கொடுக்கக்கூடாது. டயமண்ட் தருகிறேன் என்று யாராவது ஆசைகாட்டினால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு ஒரு மெட்ச் முடியும்வரை பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள். ஹெட்செட் இல்லாமல் ஸ்பீக்கரில் கேளுங்கள். பிழையாகப் பேசினால் முடிந்த பிறகு கண்டியுங்கள். நடுவில் போனைப் பறித்தால், அணியில் உள்ள மூன்று பிள்ளைகளை அந்தரத்தில் விட்டதாகிவிடும்.