சமவெளிக்காரர் கண்ட மலை

மலையே இல்லாத தேசத்தில் பிறந்தவர்களுக்குத்தான் மலைமீது மோகம் அதிகம் என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். மண்டூரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு ஓரளவு உரிமையும் உண்டு. கிழக்கே வாவியும் மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயலுமாக, குளக்கட்டைத் தவிர ஏறி இறங்க வேறு மேடு கிடையாத இந்தப் படுவான்கரையிலே, குறிஞ்சிக்கு உரிய கடவுளை நீர்க்கரையில் வைத்து வழிபட்டு, அத்தலத்துக்குச் சின்னக் கதிர்காமம் என்று பெயரும் சூட்டி மகிழ்ந்தவர்கள் எங்கள் முன்னோர். ஆகவே, ஆண்டுதோறும் ஆனியின் பிற்பகுதியில் தொடங்கி ஆடி முற்பகுதியில் முடிகின்ற டூர் டி பிரான்ஸ் என்னும் துவிச்சக்கர வண்டி ஓட்டப் போட்டியைக் கைத்தொலைபேசியிலே பார்க்கின்ற இவ்வூர் இளைஞர்கள் சிலர், சமதரையில் வண்டிகள் ஓடும் நாட்களில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்துவிட்டு, அல்ப்ஸ் மலைத்தொடர் தலைகாட்டியதும் நிமிர்ந்து உட்காருவதில் எனக்கு வியப்பில்லை.

இந்த மோகத்தில் நமக்கு மூத்தவர்கள் ஒல்லாந்தர். 1638ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தரைத்தான் சொல்கிறேன். ஐரோப்பாவிலுள்ள அவர்களுடைய நிலத்தின் அதியுயர்ந்த இடம் 322 மீற்றருக்குச் சற்று மேல். நாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழுமாகவே கிடக்கிறது. அப்படிப்பட்டவர்கள், பிரான்சின் அல்ப்ஸ் மலையிலே 21 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தூரம் செங்குத்தாக ஏறிச் செல்லும் அல்ப் டுவெஸ் என்னும் பாதையைத் தங்கள் சொந்தச் சொத்தாக்கிக்கொண்டார்கள். 1952இல் அந்தச் சிகரத்தில் முதன்முதல் வென்றவர் இத்தாலியரான பவுஸ்தோ கொப்பி. ஆனால் 1976 முதல் 1989 வரையுள்ள காலத்தில் அங்கே எட்டுத் தடவை வெற்றி பெற்றவர்கள் ஒல்லாந்தரே: சூட்டமெல்க் இரு முறை, கைப்பர் இரு முறை, வின்னன் இரு முறை, பின்னர் றூக்ஸ், தெனிஸ என்போர் ஒவ்வொரு முறை. இன்றும் அந்த மலையின் ஏழாம் வளைவுக்கு ஒல்லாந்தர் வளைவு என்றே பெயர். போட்டி நாளன்று செம்மஞ்சள் உடையணிந்த கூட்டம் அங்கே பாதையையே மறைத்து நிற்கும்.

சமதரையைவிட மலையேற்றம் மனத்தைக் கவர்வதற்குக் காரணம் வெறும் இயற்கைக் காட்சியன்று. காரணம் காற்றில் இருக்கிறது. மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் சமதரையில் ஓடும் ஒருவன் தன் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றைப் பிளப்பதற்கே செலவிடுகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வருபவனோ ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பிரயாசையை மிச்சம் பிடித்துக்கொள்கிறான். ஆகையினால் சமதரையில் எவ்வளவு பெரிய பலசாலியும் நூறு பேர் அடங்கிய கூட்டத்தை உதறிவிட்டுத் தனியே போய்விட முடியாது. சாமானியனும் மகாவீரனும் ஒரே நேரத்தில் ஊர் போய்ச் சேருவார்கள். மலையில் வேகம் பாதியாகக் குறைந்தவுடன் இந்த ஒளிவிடம் இல்லாமற் போகிறது. அங்கே தேகத்தின் எடை, நெஞ்சின் விரிவு, சலிப்பை அடக்கும் மனம் ஆகிய மூன்றுமே கணக்கு. வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று சர்வதேச விதி இருப்பதால், வண்டியைக் காட்டிப் பெரிதாகச் சமாதானம் சொல்லவும் வழியில்லை.

மலைகளுக்கும் தரம் பிரித்திருக்கிறார்கள். நான்காம் தரத்தில் தொடங்கி முதல் தரம் வரை ஏறி, அதற்கும் மேலே தரத்துக்கு அப்பாற்பட்டவை என்றொரு வகை வைத்து, ஒவ்வோர் உச்சியையும் முந்திக் கடப்பவர்களுக்குப் புள்ளிகள் வழங்குகிறார்கள். மலையரசன் என்னும் இந்தப் பட்டம் 1933இல் வந்தது. அதற்குரிய வெள்ளையிற் சிவப்புப் பொட்டு வைத்த மேலாடை 1975இல்தான் வந்தது.

தொடக்கத்தில் இந்தப் போட்டியில் பெருமலைகள் கிடையா. 1903இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டிக்கொள்வதற்காகவே ஏற்படுத்திய போட்டி இது. (பத்திரிகைக்காரர் கையாண்ட உபாயங்களில் இவ்வளவு பெரிதாகப் பலித்தது வேறொன்று இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.) முதலாண்டில் ஆறே கட்டங்கள், 2428 கிலோமீற்றர். 1910இல்தான் பிரனீஸ் மலைத்தொடரைச் சேர்க்கும் எண்ணம் வந்தது. வழி எப்படி என்று பார்த்துவர அனுப்பப்பட்ட ஸ்ரெயினெஸ் என்பவர், 2115 மீற்றர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் மோட்டார் வண்டி பனியில் நின்றுவிட, இரவிலே கால்நடையாகப் புறப்பட்டு, வழி தவறி, உயிர் பிழைத்ததே பெரும்பாடு என்ற நிலையில் அடிவாரம் வந்து சேர்ந்தார். சேர்ந்ததும் பாதை தாராளமாகச் செல்லத்தக்கது என்று தலைமையகத்துக்குத் தந்தியடித்தார்! உலகத்தில் எத்தனையோ மகத்தான காரியங்கள் இவ்வாறான ஒரு பொய்யின்மேல் எழுந்தவைதாம். அவ்வாண்டு அந்த மலைகளைத் தாண்டி வெற்றிபெற்ற ஒக்தாவ் லப்பீஸ், வழியில் நின்ற அமைப்பாளர்களைக் கொலைஞர் என்று வைதார் என்பது வரலாறு. பின்னர் அவர் முதலாம் உலக யுத்தத்தில் விமானியாகச் சென்று 1917இல் மாண்டுபோனார்.

தூர்மலேயைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளுள் என் நெஞ்சைவிட்டு அகலாதது இயூஜின் கிறிஸ்தோபின் கதை. 1913ஆம் ஆண்டு, போட்டியிலே முன்னணியில் இருந்த அவர், அந்த மலையிலிருந்து இறங்கும்போது முன்சில்லைத் தாங்கும் போக் முறிந்துவிட்டது. பிறர் உதவி எதையும் பெறாமல் அவரவரே வண்டியைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அந்நாளைய விதி. தனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிச் செல்ல, வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் மலையிறங்கி நடந்து, அடிவாரத்துச் சிற்றூரில் ஒரு கொல்லன் பட்டறையைத் தேடிப் பிடித்து, உலைக்களத்தில் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்து அந்தப் போக்கைப் பொருத்தினார். கண்காணிப்பாளர்களோ வாசலில் நின்று, கொல்லன் கை வைக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைகளாலும் இரும்பைப் பிடிக்க வேண்டியிருந்தமையால் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அதற்காகவும் அவருக்குத் தண்டனையாக நேரம் கூட்டப்பட்டது. 1919இல் முதலிடத்துக்குரிய மஞ்சள் மேலாடையை முதன்முதலாக அணிந்தவர் என்ற புகழ் அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டும் முடிவை நெருங்கும் வேளையில் போக் முறிந்து முதலிடம் போயிற்று. சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பார்க்கும் உத்தியோகத்தர் எல்லாத் தேசத்திலும் உண்டு என்பதற்கு அந்தத் துருத்தியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னபின் எனக்கு ஒரு மறுப்பும் இருக்கிறது. மலை சிறந்தது என்பதற்காக மலையை மட்டுமே வைத்துப் போட்டி நடத்தினால் அது போட்டியாகாது. இன்றைய டூர் டி பிரான்ஸ் 21 கட்டங்களைக் கொண்டது. இடையில் இரண்டு நாள் ஓய்வு. சமதரைக் கட்டம், மேடுபள்ளங்கள் நிறைந்த கட்டம், பெருமலைக் கட்டம், ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு மோதும் தனிநபர் கட்டம் என்று இவை பலவகைப்படும். இந்தப் பல்வகைமையே அப்போட்டியின் உயிர். ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள மெலிந்த மலையேறிக்கும் எண்பது கிலோ எடையுள்ள திடகாத்திரமான வேகக்காரனுக்கும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட உரிமை கிடைப்பது, இருவருக்கும் அவரவர்க்குரிய நாள் வைக்கப்பட்டிருப்பதனால்தான். 2024இல் தம்முடைய 35ஆவது கட்டத்தை வென்று பழைய சாதனையாளர் எடி மேர்க்ஸைத் தாண்டிய வேகக்காரர் மார்க் கவென்டிஷ், அந்த ஆண்டின் முதல் நாளிலேயே இத்தாலிய மேடுகளில் வாந்தியெடுத்து, கூட்டத்துக்கு வெகுதூரம் பின்தங்கி, தோழர்கள் சிலர் துணைவர, கால எல்லைக்குள் எப்படியோ வந்து சேர்ந்தவர். குறித்த நேரத்துக்குள் வராதவனுக்கு மறுநாள் இடமில்லை என்பது விதி. ஆகவே மலை நாட்களில் வேகக்காரர் யாவரும் முன்னே நடக்கும் யுத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பின்னால் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, நிமிடங்களை எண்ணிக்கொண்டு ஏறுவார்கள். முன்னே போகிறவனைக் காட்டும் தொலைக்காட்சிக் கமரா அவ்வப்போது இவர்களையும் காட்டவேண்டும் என்பது என் ஆசை. வெற்றியைவிடப் பிழைத்துக்கிடத்தலைப் பார்ப்பதில் ஒரு தனி ரசம் உண்டு.

மலையேறிகளுக்கும் பலவீனங்கள் உண்டு. ஸ்பெயின் தேசத்துப் பஹமொன்ரெஸ், 1954இல் ஓர் உச்சியை எல்லோருக்கும் முன்பாக அடைந்துவிட்டு, மற்றவர்கள் வரும்வரை அங்கேயே நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டார். ஏறுவதில் நிகரற்ற அவருக்குத் தனியே இறங்குவதில் அச்சம் உண்டு என்பார்கள்.

சமதரையிலும் மலைக்கு நிகரான ஒன்று ஒளிந்திருக்கிறது. அதுவும் காற்றுத்தான். ஆனி ஆடி மாதங்களில் கச்சான் வீசும்போது, பின்னிருக்கையில் ஒரு மூடை நெல்லைக் கட்டிக்கொண்டு மண்டூரிலிருந்து வெல்லாவெளிப் பக்கம் மேற்கு நோக்கிச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதை நான் விளக்கவேண்டியதில்லை. வரம்புக்கு வரம்பு ஒரு மரமும் இல்லாத வெட்டையிலே, கண்ணுக்குள் புழுதி விழ, பெடலின்மேல் எழுந்து நின்றாலும் வண்டி நகராது. எதிர்க்காற்றைவிடக் கொடியது பக்கக்காற்று. பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்போது, ஒளிவிடம் நேர் பின்னால் இராமல் சரிவாகப் பின்பக்கத்தில் அமைகிறது. எனவே ஓடுபவர்கள் தெருவின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சாய்வாக வரிசை பிடிக்கிறார்கள். தெருவின் அகலம் எத்தனை பேரைக் கொள்ளுமோ அத்தனை பேருக்கே அந்த வரிசையில் இடம். எஞ்சியவர்கள் தெருவோரத்துக் கல்லிலும் புல்லிலும் தனித்தனியே காற்றுக்கு இரையாகி அறுந்துபோவார்கள். 2013ஆம் ஆண்டு 13ஆம் கட்டத்தில், பெயர் சொல்ல ஒரு குன்றும் இல்லாத மத்திய பிரான்சின் வயல்வெளியிலே, இரண்டாம் இடத்தில் இருந்த வல்வெர்டே சில்லுப் பழுதாகி ஒரு கணம் பின்தங்கினார். அந்தக் கணத்தில் அறுந்த கயிறு பிறகு ஒட்டவேயில்லை. அன்று ஏறக்குறைய பத்து நிமிடம் இழந்தார். மஞ்சள் மேலாடையோடு ஓடிய கிறிஸ் புறூமும் 1 நிமிடம் 9 செக்கன் இழந்தார். பெருமலைகள் பலவற்றில் நேராத சேதம் அது.

ஆனால் அமைப்பாளர்கள் சிலருக்கு உச்சியில் முடிகின்ற கட்டங்களை மேன்மேலும் அடுக்குவதிலேதான் விருப்பம். அதன் விளைவு என்ன? நாளைக்கும் மலை, மறுநாளும் மலை என்று தெரிந்த வீரன் இன்றைக்குத் தன் பலத்தைக் காட்டமாட்டான். கடைசி மூன்று நான்கு கிலோமீற்றர் வரை எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஏறுவார்கள். நல்ல மலை என்பது அரிதாக வருவது. அதற்கு முன்னால் காற்றும், குறுக்குத்தெருவும், சலிப்பூட்டும் நெடுஞ்சாலையும் வந்து தேகத்தைப் பதப்படுத்தியிருக்க வேண்டும். உச்சியில் முடிவதைவிட, உச்சியைத் தாண்டி இறங்கி ஊருக்குள் முடிகின்ற கட்டமே என் மனத்துக்கு உகந்தது. ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கவும் தெரிகிறதா என்ற கேள்வி அங்கே மிஞ்சி நிற்கிறது.

சமதரையும் காற்றும் மலையும் கலந்த பாதை விஷயத்தில் நம்முடைய தேசம் கொடுத்துவைத்தது. விமானப் படையினர் நடத்திவரும் போட்டி போன்ற பலநாட் போட்டிகள் இங்கே உண்டு. அவற்றுக்குத் தெருவோரத்தில் திரளும் சனக்கூட்டமும் உண்டு. அவற்றை வகுப்போர் கவனத்துக்கு ஒரு பாதையைக் கொண்டுவர விரும்புகிறேன். ஏ5 என்று இலக்கமிட்ட நெடுஞ்சாலை பேராதனையில் தொடங்கி, நம்முடைய செங்கலடியில் முடிகிறது. அதைத் தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்கே பிடித்துப் பாருங்கள். கரடியனாறும் மகா ஓயாவும் வரை வெட்டையும் வெயிலும் காற்றும். பிபிலை தாண்டியதும் லுணுகலை, பசறை என்று ஏறியும் இறங்கியும் பதுளை. அங்கிருந்து வெலிமடை வழியாக, கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா. பிறகு இறம்பொடையின் வளைவுகளில் தேயிலைத் தோட்டங்களுக்கூடாகக் கம்பளைக்கு நெடும் இறக்கம். முதல் நாள் பொத்துவிலிலிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்புக்குக் கடலோரச் சமதரை. இரண்டாம் நாள் செங்கலடியிலிருந்து பதுளை. மூன்றாம் நாள் பதுளையிலிருந்து நுவரெலியா ஏறிக் கம்பளை. வேகக்காரனுக்கு ஒரு நாள், காற்றறிந்தவனுக்கு ஒரு நாள், மலையேறிக்கு ஒரு நாள் என்று மூன்றே நாளில் முழுப் போட்டியும் அமைந்துவிடும். பந்தயம் மலையில் தொடங்கி மலையில் முடிந்தால் மலைநாட்டுப் பிள்ளைகளே வெல்வார்கள். இந்த ஒழுங்கில் சித்திரை வருஷத்துக்கு ஊர்த்தெருவில் சைக்கிள் ஓடிப் பழகிய நம் பிள்ளைகளுக்கும் முதலிரண்டு நாளில் வழி பிறக்கும்.

அமைப்பாளர்கள் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, ஏற்றால் நம்மவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. போட்டி நாளன்று செங்கலடி தொடக்கம் கரடியனாறு வரையுள்ளவர்கள் தயவுசெய்து மாடுகளைத் தெருவில் விடாமல் கட்டிப் போடுங்கள்.