பழையதை அழிக்காதீர்கள்!

ரயில்வேயில் நாங்கள் பராமரித்த கைகாட்டியின் கம்பி அறுந்தால், அது தானாகவே 'நில்' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். கணிப்பொறித் துறையினருக்கும் இந்தப் பாடம் தேவை.

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்காவது பக்கத்தில் ஆள் இருந்தார். எங்கள் கார்வேட்டிநகரத்து மாந்தோப்பு நடுவே, கம்பத்தின்மேல் ஒரு லினக்ஸ் கருவி முடங்கினால் யார் ஏறுவது?

மென்டர், ராக், எஸ்.டபிள்யூ.அப்டேட் போன்ற திறமூல மென்பொருள்கள் வழி சொல்கின்றன. நினைவகத்தில் இரண்டு அறைகள். கையொப்பத்தைச் சரிபார்த்து, புதியதைக் காலி அறையில் எழுத வேண்டும்; அது ஓடாவிட்டால் கருவி பழையதற்கே திரும்பும்.

நினைவகச் செலவு கூடுமே என்பார்கள். ஊர் ஊராக ஆள் அனுப்பும் செலவு அதைவிடப் பெரிது. அரசுத் துறைகள் டெண்டரிலேயே இதைக் கட்டாயமாக்க வேண்டும்.