மரமரப்பு விலகிய பின்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து நடத்தும் சஸ்திர சிகிச்சையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆயினும், பூரண மயக்கத்தைக் காட்டிலும் அதுவே எவருக்கும் சிரேஷ்டம் என்ற அபிப்பிராயம் சற்று அதிகப்படியானது. இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், 60 நாட்களுக்குப் பின் உயிரோடிருப்பதிலும் நடமாடுவதிலும் இவ்விரு முறைகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை.

முறை எதுவாயினும், நோயாளியை வாட்டுவது அறுவைக்குப் பிற்பாடு வரும் வேதனையே. முதுகில் ஊசி போட்டுச் சிகிச்சை பெற்ற என் தாயார், அறுவை நடக்கையில் நர்ஸம்மாளுடன் பேசிக்கொண்டிருந்தவர், இரவில் கால்விரல் அசையத் தொடங்கி மரமரப்பு விலகியதும், கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு துடித்தார். வலி மருந்து கேட்டதற்கு, காலையில் டாக்டர் வந்து எழுதினால்தான் உண்டு என்று பதில் வந்தது.

ஆகையால், மரமரப்பு ஏறக்குறைய எப்போது விலகும், அதற்கு முன்பே என்ன மருந்து தரப்படும், தொடை நரம்பருகே தனியே ஊசி போட்டு மேலும் சில மணி நேரம் வலியைத் தடுக்க இயலுமா என்ற விஷயங்களைச் சம்மதப் பத்திரத்திலேயே தமிழில் அச்சிட்டு, நோயாளிக்குப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெறும் வழக்கத்தை மருத்துவமனைகள் மேற்கொள்ளுதல் நலம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்