தனியாப் பாடும்போது எந்த மொழி?

2016 மார்ச் 25-ல வந்த ஓர் ஆல்பத்தைப் பத்தி இப்போ எதுக்கு எழுதணும்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. நம்ம கல்ச்சுரல்ஸ் விதிமுறைத் தாள் மறுபடியும் குரூப்ல சுத்த ஆரம்பிச்சிருக்கு. போன வருஷத் தாள்தான், தேதியை மட்டும் மாத்தியிருக்காங்க. பாட்டுக்கு ரெண்டே பிரிவு. ‘லைட் மியூசிக்’னா சினிமாப் பாட்டு. ‘வெஸ்டர்ன்’னா இங்கிலீஷ் பாட்டு. நீங்களே எழுதி, நீங்களே மெட்டுப் போட்ட ஒரு தமிழ்ப் பாட்டு உங்க கையில இருந்தா எந்த வரிசையில போய் நிப்பீங்க?

எந்த வரிசையும் இல்ல. அதை மனசுல வச்சுக்கிட்டு ஜெய்ன் மாலிக்கோட ‘மைண்ட் ஆஃப் மைன்’ ஆல்பத்தைக் கேளுங்க.

ஜூனியர்ஸுக்காக ஒரு சின்ன முன்கதை. நாங்க ஆறாவது, ஏழாவது படிக்கும்போது ஸ்கூல் வேன்ல பெரிய கிளாஸ் அக்காமார் வாயில எப்பவும் ‘ஒன் டைரக்‌ஷன்’ பாட்டுதான். ராயகிரியில இருந்து மெயின் ரோடு ஏறுற வரைக்கும் அஞ்சு வெள்ளைக்காரப் பையன்களோட காதல் தோல்வி எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆனா அஞ்சு பேருமே வெள்ளைக்காரப் பையன்கள் இல்ல. ஜெய்னோட அப்பா குடும்பம் பாகிஸ்தானைச் சேர்ந்தது. அவர் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு.

அந்தக் குழு உருவான விதம் நம்ம ப்ராஜெக்ட் டீம் மாதிரிதான். 2010-ல ‘எக்ஸ் ஃபேக்டர்’ போட்டிக்கு அஞ்சு பேரும் தனித்தனியாத்தான் வந்தாங்க. தனியாப் பாடுறவங்க பிரிவுல ஒருத்தர்கூடத் தேறல. அனுப்பி வைக்க இருந்தவங்களை நடுவர்கள் கூப்பிட்டு ஒரே குழுவாச் சேர்த்து விட்டாங்க. இறுதியில மூணாவது இடம். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு ஆல்பம், உலகம் பூரா டூர். 2015 மார்ச் 25-ல ஜெய்ன் வெளியேறினார். சாதாரண 22 வயசுப் பையனா வாழணும்ங்கிறதுதான் அப்போ சொன்ன காரணம். பின்னாடி கொடுத்த பேட்டிகள்ல, குழுவுல தனக்குப் பிடிச்ச மாதிரிப் பாட முடியலன்னும் சொன்னார். சரியா ஒரு வருஷம் கழிச்சு, அதே தேதியில, தனி ஆல்பம்.

வியாபாரக் கணக்குல பார்த்தா பெரிய வெற்றி. பிரிட்டன், அமெரிக்கா ரெண்டு பட்டியல்லயும் நேரா முதலிடம். முதல் ஆல்பத்துலயே ரெண்டு நாட்டுலயும் முதலிடத்துல நுழைஞ்ச முதல் பிரிட்டிஷ் ஆண் தனிப்பாடகர் அவர்தான். ஆனா எல்லாப் பாட்டும் பிரமாதம்னு நான் சொல்ல மாட்டேன். மொத்தம் 14 டிராக். ‘பில்லோடாக்’ நல்லா இருக்கும். நடுவுல நாலஞ்சு பாட்டு ஒரே இருட்டு அறையில ஒரே ஆள் ஒரே பொண்ணுகிட்டப் புலம்புற மாதிரி. ஹெட்போன் போட்டு ராத்திரி ரெக்கார்டு எழுதும்போது ஓடவிட்டா, எந்தப் பாட்டு எப்ப முடிஞ்சதுன்னே தெரியாது. குழுவுல இருந்தப்ப இருந்த கைத்தட்டல், எல்லாரும் சேர்ந்து கத்துற பல்லவி, அந்தச் சந்தோஷம் எதுவும் இதுல கிடையாது. மெதுவான ஆர் அண்ட் பி. குரலை மட்டும் நம்பி நிக்கிற பாட்டுகள்.

நடுவுல ‘ஃபிளவர்’னு ஒரு சின்ன டிராக் வரும். ரெண்டு நிமிஷம்கூடக் கிடையாது. அது உருது. கிட்டத்தட்ட ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். அந்த ரெண்டு நிமிஷத்துல அவர் குரல் வேற மாதிரி வளையுது. இங்கிலீஷ்ல பாடும்போது அந்த வளைவுகள் அலங்காரமாத் தெரியும். இங்க பேச்சாவே தெரியும். எனக்கு உருது ஒரு வார்த்தை புரியாது. ஆனா ஆல்பத்துலயே ‘இது இந்த ஆள் பாடுறது’ன்னு எனக்குத் தோணின இடம் அதுதான். ஒன் டைரக்‌ஷன்ல அவர் இருந்தப்ப வந்த நாலு ஆல்பத்துல இதுக்கு இடம் இருந்ததில்ல. தனியா வந்த உடனே அவர் செஞ்ச வேலைகள்ல ஒண்ணு, அப்பா வழி மொழிக்கு ஒரு நாற்காலி போட்டது. அதுவும் ஒரு மூலையில, இடைவேளை மாதிரித்தான். முழுப் பாட்டா வைக்கிற தைரியம் அப்போ வரலையோ, கம்பெனி விடலையோ, நமக்கு என்ன தெரியும். எட்டு வருஷம் கழிச்சு, 2024 ஜனவரியில, ஏயூஆர்ங்கிற கராச்சிப் பசங்களோட சேர்ந்து முழுசா ஒரு உருதுப் பாட்டுல பாடினார். மூலையில போட்ட நாற்காலி கூடத்துக்கு வர அவ்வளவு காலம் ஆகியிருக்கு.

இங்க உங்கள்ல யாராவது ஜங்குக் பேரை இழுப்பீங்கன்னு தெரியும். லேடீஸ் ஹாஸ்டல் மொத்தமும் சண்டைக்கு வரும். நியாயமான கேள்விதான். பிடிஎஸ் குழுவுல இருந்து (அவர் விலகல, குழு இடைவேளை விட்டிருந்த நேரம்) 2023 நவம்பர்ல வந்த அவரோட முதல் தனி ஆல்பம் ‘கோல்டன்’. 11 பாட்டு, எல்லாம் இங்கிலீஷ். அதுக்கு முன்னாடி ஜூலையில வந்த ‘செவன்’ அமெரிக்காவுல நேரா முதலிடம். கொரியன்லயே உலகத்தை ஜெயிச்ச குழுவோட பையன் தனியா வந்ததும் இங்கிலீஷுக்குப் போறான்னா, சந்தை அப்படித்தான் கேட்குதுன்னு அர்த்தம் இல்லையான்னு கேட்பீங்க.

பாதி சரி. அதே வருஷம், அதே குழுவோட ஜிமின், ‘லைக் கிரேஸி’ன்னு ஒரு பாட்டு விட்டார். கொரியன் பாட்டு. அதுவும் அமெரிக்காவுல முதலிடம் போச்சு. இங்கிலீஷ் பதிப்பும் ஒண்ணு இருந்தது, கணக்குல அதுவும் சேர்ந்ததுங்கிறதை மறைக்கல. ஆனாலும் ‘தாய்மொழியில பாடினா வெளிய போகாது’ங்கிற வாதம் அங்க பாதியிலயே படுத்துடுச்சு. ‘கோல்டன்’ எனக்குப் பிடிக்கும், டான்ஸ் ஆட அருமையான ஆல்பம். ஆனா அந்தப் பாட்டுகளை வேற எந்த நல்ல பாடகர்கிட்டக் கொடுத்திருந்தாலும் பெருசா வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. ஆர்மி மன்னிக்கணும்.

சரி, நம்ம மொழியில இப்படி யாராவது செஞ்சிருக்காங்களா? செஞ்சிருக்காங்க, ஆனா இங்க இல்ல, மலேசியாவுல. தொண்ணூறுகள்ல கோலாலம்பூர்ல ‘பொயட்டிக் அம்மோ’ன்னு ஒரு ராப் குழு. பாய் பேண்ட்னு சொன்னா அடிக்க வருவாங்க, ஆனா நாலு பையன்கள், ஒரு மைக், ஏகப்பட்ட ரசிகர்கள். 1998-ல முதல் ஆல்பம். பெரும்பாலும் இங்கிலீஷ், கூடவே மலாய், தமிழ், கான்டனீஸ். நாலு மொழி பேசுற ஊர்ல நாலு மொழியிலயும் கடை விரிச்ச குழு அது. அதுல ஒருத்தர்தான் யோகி பி. அந்தக் குழுவுக்கு வெளிய, ‘நட்சத்ரா’ங்கிற பேர்ல டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு, 2006-ல ‘வல்லவன்’ ஆல்பத்தை விட்டார். தமிழ் ராப் ஆல்பம். கூட ரெண்டு பேர் இருந்ததால கறாராப் பார்த்தா தனி ஆல்பம் இல்ல. ஆனா தன் பேரை முன்னால போட்டு, எந்த மொழின்னு தானே முடிவு பண்ணின ஆல்பம்.

அவர் பிழைக்கிறதுக்குத் தமிழ் தேவையே இல்ல, இதைக் கவனிங்க. மலேசியாவுல இங்கிலீஷ்ல ஏற்கெனவே பேர் வாங்கின ஆள். தமிழுக்கு வந்தா சந்தை சுருங்கும்னுதான் எந்த எம்பிஏ சொல்லும். நடந்தது வேற. அந்த ஆல்பம் கடல் தாண்டி நம்ம ஊர் செல்போன் கடை மெமரி கார்டு வரைக்கும் வந்தது. அடுத்த வருஷமே ‘பொல்லாதவன்’ படத்துல அவர் குரல். இன்னைக்குத் தமிழ்ல ராப் பண்ற பசங்க நிறைய பேர் அவரை அண்ணன் ஸ்தானத்துல வச்சுத்தான் பேசுறாங்க. இங்கிலீஷ்லயே இருந்திருந்தா நம்ம ஊர்ல அவர் பேர் யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

சென்னைக் கதை இதுக்கு நேர் எதிர். 2000-கள் நடுவுல எஸ்எஸ் மியூசிக் சேனல் ஒரு குரல் தேடல் நிகழ்ச்சி நடத்தி அஞ்சு பேரைப் பொறுக்கி ‘எஸ்5’னு ஒரு குழு அமைச்சது. ரெண்டு பையன், மூணு பொண்ணு. ‘இசை’ன்னு ஒரு ஆல்பமும் வந்தது. அதுல இருந்த ஒரு பையன்தான் பென்னி தயாள். அடுத்து நியாயமா என்ன நடக்கணும்? பென்னியோட தனி ஆல்பம். நடந்தது என்ன? 2007-ல ‘சிவாஜி’, ‘அழகிய தமிழ்மகன்’, அப்புறம் இந்தி, அப்புறம் 2010-ல ‘விண்ணைத்தாண்டி வருவாயா’. எல்லாமே அருமையான பாட்டு, நான் குறை சொல்லல. ரஹ்மான் கூப்பிட்டா நானும் செமஸ்டர் எக்ஸாமை விட்டுட்டு ஓடுவேன். ஆனா பென்னி தயாள்ங்கிற ஆள் என்ன நினைக்கிறார், அவருக்கு எதைப் பாடணும்னு இருந்தது, அதெல்லாம் அந்தப் பாட்டுகள்ல கிடையாது. அங்க பாடுறது ரஜினி, விஜய், சிம்பு. லண்டன்ல குழுவை விட்டு வெளிய வந்தா தனி ஆல்பம். நமக்கு, அடுத்த ஸ்டாப் கோடம்பாக்கம். 2024-ல ‘கட்சி சேர’ன்னு தனிப்பாட்டு போட்டுத் தூள் கிளப்பின சாய் அபயங்கரும் இன்னைக்குச் சினிமா இசையமைப்பாளர்தான். சினிமா நம்ம ஊர் குளம் மாதிரி. எந்தப் பக்கம் மழை பெஞ்சாலும் தண்ணி அங்கதான் போய்ச் சேரும்.

ஆனா எப்பவும் இப்படி இல்ல. எங்க பக்கம் கொடை விழாவுல ரெண்டு மேடைக் கச்சேரி பார்க்கலாம். ஒண்ணு இன்னிசைக் கச்சேரி. சினிமாப் பாட்டு, கலர் லைட்டு, ‘அடுத்ததாக’ன்னு மைக்ல ஒரு குரல். இன்னொண்ணு வில்லுப்பாட்டு. வில்லைக் குடத்து மேல கட்டி, வீசுகோலால தட்டி, உடுக்கையும் சேர்த்து, அந்தச் சாமி கதையை அந்த மண்ணு பேச்சுலயே பாடுவாங்க. பாடுறவர் நடுவுல நிறுத்தி முன்வரிசைத் தாத்தாவைக் கிண்டல் பண்ணுவார். பக்கத்துல இருக்கிறவங்க ‘ஆமா’ போடுவாங்க. கதை ஒண்ணுதான்னாலும் ஒவ்வொரு ஊர்லயும் பாட்டு கொஞ்சம் வேறயா இருக்கும், ஏன்னா பாடுற ஆள் தன் வார்த்தையைப் போட்டுக்குவார். கூட்டம் எதுக்கு அதிகம்னு கேட்காதீங்க, கச்சேரிக்குத்தான். ஆனா சொந்தப் பாட்டுன்னா என்னன்னு எங்க ஊருக்கு யாரும் வெளியில இருந்து வந்து கத்துக் கொடுக்க வேண்டியதில்ல.

‘எனக்குத் தமிழ்ல எழுத வராது’ங்கிறது நம்ம செட்டுல அடிக்கடி கேட்கிற வசனம். நானும் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம்தான். தமிழ் எங்களுக்கு ஒரு பாடம், நாப்பது நிமிஷ பீரியட். அதனால பாட்டுன்னு உட்கார்ந்தா ‘நிலவே, மலரே’ன்னு யாரோ பேசுற தமிழ் வருது, இல்லாட்டி யாரோ பாடின இங்கிலீஷ் வருது. ஆனா அம்மாகிட்டப் போன்ல பேசுற மொழி எது? கோபம் வந்தா வர்ற மொழி எது? ‘என்னலே செய்யுத’ன்னு கேட்கிறப்ப யாரும் அகராதி பார்க்கிறதில்ல. ‘வல்லவன்’ல யோகி பி-யும் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து எழுதல, கோலாலம்பூர்ப் பேச்சைத்தான் தாளத்துல உட்கார வச்சார்.

எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் அதைச் செஞ்சான். போன்லயே பீட் போட்டு, வாசுதேவநல்லூர் பேச்சுல, கடைசி பஸ்ஸை விட்டவனைப் பத்தி மூணு நிமிஷப் பாட்டு. ராத்திரி ஒரு மணிக்கு எங்க விங்கே அதைப் பாடும். போன வருஷம் பேர் கொடுக்கப் போனான். லைட் மியூசிக்ல ‘படம் பேர்’னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பாம ஃபார்ம் வாங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. வெஸ்டர்னுக்குப் போனா ‘தமிழா?’ன்னு ஒரு பார்வை. கடைசியில ஏதோ ஒரு சினிமாப் பாட்டைப் பாடி ரெண்டாம் பரிசு வாங்கினான். கோப்பை இப்போ அவன் ரூம்ல பிரஷ், பேஸ்ட் வைக்கிற ஸ்டாண்டு. அவனுக்கு ஏப்ரலோட காலேஜ் முடியுது. அப்புறம் கம்பெனி, ஷிஃப்ட்டு. அந்தப் பாட்டை மேடையில பாட அவனுக்கு மிச்சம் இருக்கிறது இந்த ஒரு கல்ச்சுரல்ஸ்தான்.

நாங்க கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயம். தாள்ல ‘சொந்தப் பாடல்’னு மூணாவதா ஒரு பிரிவு. தனியாவும் பாடலாம், குழுவாவும் பாடலாம். எந்த மொழியா இருந்தாலும் சரி. இங்கிலீஷ்ல எழுதறவனும் வரட்டும், எனக்கு அதுல சண்டை இல்ல. ஒரு டீமுக்கு எட்டு நிமிஷம் போதும். நடுவரா வெளியில இருந்து பெரிய ஆள் வேண்டாம். பக்கத்து ஊர் வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருத்தரைக் கூப்பிட்டா வருவார், நாங்க போய்ப் பேசுறோம். ‘நாலு பேர்கூடப் பேர் கொடுக்க மாட்டாங்க’ன்னு கமிட்டி சொல்லுது. அதுக்குப் பதில் நீங்கதான் சொல்லணும். மெஸ் வாசல் நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் ஒட்டியிருக்கோம், வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும். பாட்டு வச்சிருக்கிறவங்க பேரும் டிபார்ட்மென்ட்டும் எழுதுங்க. இதுவரைக்கும் ஏழு பேர். அதுல ரெண்டு பேருக்கு கிட்டார் வாசிக்க ஆள் வேணுமாம். தெரிஞ்சவங்க அவங்க பேருக்குப் பக்கத்துல உங்க ரூம் நம்பரைப் போட்டு வைங்க.