மாலை வேண்டாம், ஜாமீன் கையெழுத்துப் போடுங்கள்



பாதர் ஸ்டான் சுவாமியின் நினைவு நாளான ஜூலை 5 நெருங்கிவிட்டது. வழக்கம்போல அவர் படத்தைத் தூசி தட்டி எடுப்போம், மாலை போடுவோம், ஃப்ரீடம் பார்க்கில் மெழுகுவத்தி ஏற்றி முக்கால் மணி நேரம் குரல் கொடுப்போம். மழை தூறினால் அரை மணியிலேயே கலைந்துவிடுவோம். இந்த வருடம் அதோடு வீட்டுக்குப் போகாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஃப்ரீடம் பார்க் ஒரு காலத்தில் என்னவாக இருந்தது? பழைய சென்ட்ரல் ஜெயில். நெருக்கடி நிலையின்போது வாஜ்பாயும் அத்வானியும் அடைபட்டிருந்த இடம். இன்று பெங்களூரில் போராட வேண்டுமென்றால் போலீஸ் கைகாட்டுவதும் அதே இடத்தைத்தான். ஜெயில் பரப்பன அக்ரஹாரத்துக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. காலி ஜெயிலுக்குள் நின்று நாம் கத்துகிறோம். கைதிகள் இருக்கிற ஜெயில் பக்கம் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

ஸ்டான் நமக்கு வேற்று ஆள் இல்லை. 1937இல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். எழுபதுகளின் நடுவிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் நம் பென்சன் டவுனில் இந்தியன் சோஷியல் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநர். அந்த நாற்காலியிலேயே இருந்து நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் ஜார்கண்டுக்குப் போனார். நக்சல் என்று முத்திரை குத்தி உள்ளே தள்ளப்பட்ட ஆதிவாசி இளைஞர்களைக் கணக்கெடுத்தார். விசாரணையே முடியாமல் கிடந்த சுமார் 3,000 பேருக்காக உயர் நீதிமன்றம் ஏறினார். 2020 அக்டோபர் 8 அன்று, தன் 83ஆம் வயதில், பீமா கோரேகான் வழக்கில் அவரே கைதானார். அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

பார்க்கின்சன் நோயால் அவருக்கு இரண்டு கையும் நடுங்கும். டம்ளரைத் தூக்கினால் வாய்க்குப் போவதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டிவிடும். உறிஞ்சிக் குடிக்க, கைதானபோது எடுத்துக்கொண்டதாகச் சொல்லி, தன் சிப்பரையும் ஸ்ட்ராவையும் திருப்பிக் கேட்டு மனுப் போட்டார். பதில் சொல்ல, வழக்கை நடத்திய என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. அப்புறம், அதை நாங்கள் எடுக்கவே இல்லை என்றது. 2021 ஜூலை 5, மும்பை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த நாள். அன்று மதியமே ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய கம்ப்யூட்டரில் ஆவணங்களை வெளியிலிருந்து யாரோ திணித்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் சொன்னது 2022 டிசம்பரில். கேட்க அவர் இல்லை.

நம் ஊரில் ஒரு பங்கில் (பெயர் எதற்கு?) அவருக்கு நினைவுத் திருப்பலி கேட்டபோது, "அவர் விசுவாசத்துக்காகவா செத்தார்? அரசியல்தானே?" என்று கேட்டார்கள். மத்தேயு 25ஆம் அதிகாரம் வாசகமாக வருகிற ஞாயிற்றுக்கிழமை இவர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்களோ தெரியவில்லை. சிறையில் கிடப்பவனைப் பார்க்கப் போனாயா என்பதுதானே அங்கே கேள்வி? அரசியலா ஆன்மிகமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இந்த மாநிலத்திலேயே நடந்ததும் மறந்துபோயிற்று. 2021 ஜனவரி முதல் நவம்பர் வரை கர்நாடகத்தில் கிறிஸ்தவர்கள் மீது 39 தாக்குதல்கள் என்று மனித உரிமை அமைப்பான பி.யு.சி.எல். பட்டியல் போட்டது. அடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்திய ஏழைப் போதகர்கள். "அவங்க பெந்தெகொஸ்தே" என்று கல் கோயிலுக்குள் இருந்த நாம் நகர்ந்துகொண்டோம். 2022இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது: குற்றமற்றவன் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் குற்றம் சாட்டப்பட்டவன் தலையில், மதம் மாறுவதற்கு 30 நாள் முன்பே கலெக்டரிடம் அறிவிக்க வேண்டும். 2023 ஜூனில் அதை ரத்து செய்வதாக அமைச்சரவை முடிவெடுத்ததும், அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டோம்.

நாம் கண்டுகொள்ளாமல் விட்டது இன்னும் ஒன்று உண்டு. தலோஜா சிறையிலிருந்து ஸ்டான் எழுதிய கடிதம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன அறை, கூட இரண்டு கைதிகள். பகலில், அதே வழக்கில் கைதான தோழர்களில் அருண் ஃபெரைரா சாப்பிட உதவினார், வெர்னன் கொன்சால்வெஸ் குளிக்க உதவினார். ராத்திரி பூட்டிய பிறகு துணி துவைத்துக் கொடுத்ததும் முட்டியைப் பிடித்துவிட்டதும் அதே அறையில் இருந்த அந்த இரண்டு கைதிகள். பரம ஏழைகள் என்று எழுதியிருந்தார். தனக்காக என்று ஒன்றும் கேட்கவில்லை. தோழர்களுக்காகவும் அந்த இருவருக்காகவும் ஜெபிக்கச் சொன்னார். நாமோ பல கோயில்களில் அவருக்காக ஜெபித்தோம். அந்த இருவர் யார், அவர்களுக்கு ஜாமீன் கிடைத்ததா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

நம்பிக்கை என்று நான் சொல்வது அந்த அறையில் ஒருவர் மற்றவருக்குச் செய்ததைத்தான். அது பரப்பன அக்ரஹாரத்திலும் இருக்கும், போய்ப் பாருங்கள். அங்கே, ஜாமீன் உத்தரவு கிடைத்தும் கையெழுத்துப் போட ஆளில்லாமல் உள்ளேயே கிடக்கிறவர்கள் உண்டு. ஏழு நாளில் வெளியே வராதவர்களைப் பற்றி சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சொல்லியிருக்கிறது. காவலில் இருக்கும் யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. இதையெல்லாம் உள்ளே இருப்பவனிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

இளைஞர்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் சட்டத் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். கன்னடம் எழுதத் தெரிந்தவர்கள் மனு எழுதிக் கொடுங்கள். சொத்து வைத்திருக்கும் பெரியவர்கள் ஜாமீன் நில்லுங்கள். ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால் பணம் நம் தலையில்தான் விழும், அதை மறைக்க மாட்டேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற கால்கள் நமக்கு. ஓசூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்தச் சிறை வரை போகாதா?

ஜூலை 5 அன்று ஃப்ரீடம் பார்க்குக்கு வரும்போது பூ வாங்காதீர்கள். வீட்டு வரி கட்டிய ரசீதையோ பஹணி (நிலப் பதிவு) நகலையோ, கூடவே ஆதாரையும் எடுத்து வாருங்கள்.