பனிக்காலமும் நம் முதியோரும்



பிறம்ரனில் பனி விழத் தொடங்கியதும் நம் இல்லங்களில் முதலில் அடைபடுவோர் அம்மம்மாக்களும் தாத்தாக்களுமே. வெளியே சென்றால் வழுக்கி விழுவர் என்கிறோம். நியாயமான அச்சந்தான். ஆயினும் மாதக்கணக்கில் ஒருவரைத் தொலைக்காட்சியின் முன் இருத்திவைப்பதைப் பராமரிப்பு என நான் ஏற்கமாட்டேன். மடு அன்னையின் திருவிழாவுக்குக் காட்டுவழியே கால்நடையாகச் சென்ற தலைமுறை அது!

நம் நகரின் தென்கிழக்கே, கிளேயர்வில் இயற்கைக் காப்பகத்தினூடாக மேற்கு ஹம்பர் ஆறு செல்கிறது. இத்தகைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடுகள் ஏன் இல்லை? 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி கனடாவில் 81 உயிர்களைக் காவுகொண்டது. ரொறன்ரோவில், ஹம்பர் கரையிலிருந்த ரேமோர் வீதியில் மட்டும் 35 பேர் மாண்டனர். அதன் பின்னரே வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் வீடு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டு, பல நிலங்கள் பொதுமக்களுக்கு உரியவையாயின. அவ்வளவு பெரிய விலைக்குக் கிடைத்த வெளியில் பனிக்காலத்தில் நம்மவரைக் காண்பது அரிது.

தவக்கால வெள்ளிகளில் முதியோரைச் சிலுவைப்பாதைக்குக் காரில் அழைத்து வருகிறீர்கள். சனிக்கிழமை, வெயில் எறிக்கும் நண்பகலில், அதே காரை ஆற்றங்கரைக்கு விடுங்கள். அவர்களின் சப்பாத்துக்கு முட்பட்டை மாட்டி, கைபிடித்து அரைமணி நேரம் நடவுங்கள். பிள்ளைகள் பனியில் புதையாத அகன்ற பனிச்சப்பாத்துகளுடன் முன்னே செல்லட்டும். உறைந்த ஆற்றின்மேல் மட்டும் எவரும் கால்வைக்க வேண்டாம். ஓடும் நீரின்மேல் பனிக்கட்டி எங்கே மெலிந்திருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது.