அடுப்படியில் ஒரு சாக்கே புட்டி



ஜப்பானியச் சமையல் பகுதி தொடங்கியதிலிருந்து உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "எல்லாவற்றிலும் சாக்கே ஊற்றச் சொல்கிறீர்களே, அது மது அல்லவா?" மதுதான். அரிசி மாவுச்சத்தைக் கோஜி பூஞ்சை சர்க்கரையாக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்க, 15, 16 சதவீத வீரியத்தோடு புட்டிக்கு வருவது. ஆனால் ஜப்பானிய வீடுகளில் அது சோயா சாஸுக்கும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவுக்கும் பக்கத்தில் நிற்கும் சமையல் சாமானும்கூட. கோஜி கொண்டு சாக்கே வடிக்கும் கைத்திறனை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையில் பாதி அடுப்புக்குச் சேர வேண்டும் என்பேன்.

அசாரி சாக்காமுஷியைச் செய்து பாருங்கள், நான் சொல்வது புரியும். அசாரி சின்னஞ்சிறு மட்டி. லிட்டருக்கு 30 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் இருட்டான இடத்தில் ஓரிரு மணி நேரம் போட்டால் மணலைக் கக்கிவிடும். ஓடுகளைத் தேய்த்துக் கழுவி, அகன்ற வாணலியில் பரப்பி, கால் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி சாக்கே ஊற்றி மூடுங்கள். தண்ணீர் வேண்டாம். தீ நன்றாக எரியட்டும். கொஞ்ச நேரத்தில் மூடிக்குள்ளிருந்து ஓடுகள் டக் டக்கென்று திறக்கும் சத்தம் கேட்கும். வாய் திறந்ததும் இறக்கிவிட வேண்டும். தாமதித்தால் சதை ரப்பராகிவிடும். திறக்காததை எறிந்துவிடுங்கள். மேலே நறுக்கிய வெங்காயத்தாள், சில சொட்டு சோயா சாஸ். அடியில் தேங்கும் கலங்கல் சாறுதான் இதன் உயிர். மட்டிக்கு ருசி தரும் சக்சினிக் அமிலம் சாக்கேயிலும் உண்டு. இரண்டும் சேரும்போது ருசி தூக்கலாகிறது. ஆவியாகும் ஆல்கஹால் கவிச்சியையும் கூட்டிக்கொண்டு போகிறது.

இதற்கு விலை குறைந்த ஜுன்மாய் வகைச் சாக்கே போதும். அரிசியில் பாதியையாவது தீட்டித் தள்ளிவிட்டுச் செய்யும் தாய்கின்ஜோ வகையை அடுப்பில் ஊற்ற எனக்கு மனம் வராது. அதன் பழ வாசனை கொதியில் பறந்துவிடும். 'ரியோரிஷு' என்ற பெயரில் விற்கும் சமையல் சாக்கேயில் பெரும்பாலும் உப்பு இருக்கும். குடிக்க முடியாதபடி ஆக்கிவிட்டால் மதுவரி கிடையாது என்பதால் அப்படி. அதை வாங்கினால் மற்ற உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பது சரியல்ல, கொஞ்சம் தங்கத்தான் செய்யும். குழந்தைகளுக்கும் மதுவைத் தொடாதவர்களுக்கும் சமைக்கும்போது சாக்கேயை விட்டுவிட்டு இஞ்சியும் தாஷி என்ற ஜப்பானியச் சாறும் சேருங்கள். சாப்பிட வருகிறவர்களிடம் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது.

சமையல் போக, சாக்கேயைக் கலந்து குடிப்பதில் நான் எளிமையின் பக்கம். பனிக்கட்டி மேல் சாக்கே ஊற்றி எலுமிச்சை பிழிந்தால் சாமுராய் ராக். சோடாவும் சேர்த்தால் இன்னும் இலேசு. ஜின்னோடு கலக்கும் சாக்கேட்டினியில் ஜின் வாசனை சாக்கேயை அமுக்கிவிடுகிறது. குளிர்காலத்தில் டோக்குரிக் குடுவையை வெந்நீரில் நிறுத்தி 40 டிகிரிக்குச் சூடாக்கும் நுருகானோடு எதையும் சேர்க்க வேண்டாம்.

ஜூனில் உமே என்ற ஜப்பானியக் காயை ஊறவைத்து உமேஷு மது செய்வதற்கு மட்டும் சாதாரண சாக்கே ஆகாது. வீட்டில் ஊறவைக்க 20 சதவீதத்துக்குக் குறையாத மதுவையே ஜப்பானியச் சட்டம் அனுமதிக்கிறது. வீரியம் குறைந்தால் மறுபடி நொதிக்கத் தொடங்கலாம். குடிப்பதற்குச் சற்று முன் கலப்பதற்கு இந்தத் தடை இல்லை.

திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் நிறுத்தி வையுங்கள். குடிக்கும் ருசி ஓரிரு வாரத்தில் மங்கினாலும் சமையலுக்கு அப்புறமும் உதவும். சாக்கே சேரும் நிகுஜாகா, தெரியாகி என்ற இரண்டு உணவுகளுக்கும் அளவுகள் உள்பக்கங்களில் இருக்கின்றன. செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்